கறித்தூளுக்கு ஒரு விளம்பரம்: யாழ்ப்பாணத்து வீட்டுத் தொழில் ஒன்று ஏஐக்குக் கொடுத்த கட்டளைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

தொழில்

ஆய்வுக்கு எடுத்தது யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையிலும் காணக்கூடிய தொழில்: வீட்டோடு சேர்ந்த கறித்தூள் தயாரிப்பு. இது ஒரு குறிப்பிட்ட கடையின் கதை இல்லை. இப்படியான பல தொழில்களுக்குப் பொதுவான நிலைமைகளைச் சேர்த்து வகுத்த மாதிரி. விலைகளும் நிறைகளும் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. உங்கள் கொப்பியில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

குசினிக்குப் பின்னால் ஒரு கொட்டில், இரண்டு பெரிய தாச்சி, மிளகாய் காயப்போட முற்றம், அரைக்கப் பக்கத்து மில். வேலைக்குக் கணவன், மனைவி, உதவிக்கு ஒருவர். 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று மூன்று பைக்கற். ஓடர் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வரும், கொஞ்சம் பேஸ்புக் பக்கத்தில் வரும். வாங்குவோரும் மூன்று வகை. ஊர் ஆக்கள் ஒரு பக்கம். கொழும்புக்கு பஸ்ஸில் பார்சல் போட்டுவிடச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வந்து, திரும்பும்போது சூட்கேசில் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று கொண்டு போகிறவர்கள் மூன்றாவது.

இந்தத் தொழில் ஏஐயிடம் (செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம்) எதிர்பார்த்தது நான்கு வேலை: விளம்பரம், வாடிக்கையாளருக்கு மறுமொழி, விலைக் கணக்கு, பைக்கற்றின் விவரக் குறிப்பு. நான்கிலும் முதலில் பிழைத்தது. பிழைத்த இடங்களைப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். தொழில் நடத்துபவரின் தலைக்குள் இருந்த தகவல் கட்டளைக்குள் வரவில்லை. வராத இடத்தை ஏஐ தன் ஊகத்தால் நிரப்பியது.

முதல் கட்டளையும் அதற்கு வரும் விடையும்

பெரும்பாலானோர் தொடங்கும் விதம் இது:

"கறித்தூளுக்கு ஒரு நல்ல விளம்பரம் எழுதித் தா."

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளோட் எதில் கேட்டாலும் விடை ஒவ்வொரு முறையும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக வராது. ஆனால் வருகிற வகை ஒன்று:

"அசைவப் பிரியர்களே! உங்கள் சமையலறையில் மணக்கட்டும் எங்கள் கறி மசாலா! தரமான காய்ந்த மிளகாய், தனியா, சோம்பு கொண்டு பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்டது. 100% இயற்கையானது. நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும். இன்றே ஆர்டர் செய்து 20% தள்ளுபடி பெறுங்கள்!"

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. கடைக்கு மட்டும் உதவாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பிழையும் வேறு வேறு காரணத்தால் வந்தது.

"அசைவப் பிரியர்களே" என்பது "கறி" என்ற சொல்லால் வந்தது. தமிழ்நாட்டில் கறி என்றால் பலருக்கு இறைச்சி. யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. காய்களுக்குப் பெயரே மரக்கறி. ஏஐ படித்த தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டுத் தமிழ். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சனத்தொகை 7.2 கோடி, 2012 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5.8 இலட்சம். இணையத்தில் இருக்கும் எழுத்திலும் அந்தப் பாரம் அப்படியே தெரியும். எனவே வேறு சொல்லாதவரை அது சென்னை வாடிக்கையாளருக்குத்தான் எழுதும். மீன், இறைச்சியைக் குறித்து "மச்சம்" என்று நாம் எழுதினால் தோலில் இருக்கும் மச்சத்தை நினைத்துக்கொள்ளவும் கூடும்.

"காய்ந்த மிளகாய், தனியா, சோம்பு" என்பதும் அதே காரணம்தான். வாங்குகிறவருக்கு அவை செத்தல், மல்லி, பெருஞ்சீரகம். சோம்பு என்று கண்டதும், இது இந்தியாவில் இருந்து இறக்கி ஒட்டிய சாமானோ என்ற ஐமிச்சம் வரும். வறுத்த தூளை வீட்டுத் தூள் என்று நம்பி வாங்குகிற இடத்தில் இந்த ஒரு சொல் போதும் வியாபாரத்தைக் கெடுக்க.

"20% தள்ளுபடி" முழுக் கற்பனை. யாரும் கழிவு கொடுக்கச் சொல்லவில்லை. இப்படியான விளம்பரங்களில் கழிவு இருப்பது வழக்கம், அதனால் போட்டது. அந்தப் பதிவைப் பேஸ்புக்கில் போட்டபின் வாடிக்கையாளர் அதைப் படமெடுத்துக் காட்டிக் கேட்டால், கொடுக்கவும் ஏலாது, மறுக்கவும் ஏலாது.

"நோய் எதிர்ப்புச் சக்தி" இதைவிடப் பாரதூரமானது. உணவுப் பொருளுக்கு மருத்துவக் குணம் கூறி விளம்பரம் செய்வது சட்டச் சிக்கல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தொழில் நடத்துபவர்தான், ஏஐ இல்லை. இதே போலச் சிலவேளை இந்தியத் தரச்சான்று பற்றியும் ஒரு வரி வந்துவிடும். இலங்கையில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரக் குறி பெறாத பொருளுக்கு அப்படி எதுவும் எழுதப்படக்கூடாது.

"நல்ல", "கவர்ச்சியான", "அருமையான" என்ற சொற்களைக் கட்டளையில் கூட்டிப் பார்ப்பது அடுத்து எல்லோரும் செய்வது. அதனால் நிலைமை மோசமாகத்தான் போகும். "கவர்ச்சியாக" என்று கேட்டால் ஆச்சரியக்குறி கூடும், பொய்யும் கூடும். கலியாண வீட்டுச் சமையல்காரரிடம் "நல்லாச் சமையுங்கோ" என்று மட்டும் சொல்லி விடுகிறோமா? எத்தனை பேர், சைவமா மச்சமா, எத்தனை மணிக்குப் பந்தி என்று சொல்கிறோம். இங்கேயும் தேவைப்படுவது அதுதான்.

கடைக் குறிப்பு

திருத்தம் ஒரு தாளில் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்காமல், கடையைப் பற்றிய உண்மைகளை ஒரே குறிப்பாக எழுதிக் கைத்தொலைபேசியில் சேமித்து, எந்தக் கட்டளைக்கும் மேலே ஒட்டுவது. அந்தக் குறிப்பு இப்படி:

"நாங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டில் கறித்தூள் செய்து விற்கிறோம். கறி என்பது இங்கே இறைச்சி இல்லை. மரக்கறி, பருப்பு, மீன், இறைச்சி எதற்கும் போடும் வறுத்த தூள்.
உள்ளடக்கம்: செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. வேறு எதுவும் இல்லை.
செய்முறை: ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, மில்லில் அரைத்து, அரித்து அடைப்போம்.
விலை (யூன் 1 முதல்): 250 கிராம் 650 ரூபா, 500 கிராம் 1,250 ரூபா, 1 கிலோ 2,400 ரூபா. அனுப்பும் செலவு வேறு.
விலைக்கழிவு இல்லை.
பாவிக்கக்கூடிய காலம்: பைக்கற்றில் உள்ள முடிவுத் திகதி மட்டும். வேறு காலம் சொல்லாதே.
ஓடர்: வட்ஸ்அப்பில் அல்லது பேஸ்புக் பக்கத்தில். செவ்வாய், வெள்ளி அனுப்புவோம்.
வாங்குவோர்: ஊர் ஆக்கள், கொழும்பில் உள்ளவர்கள், விடுமுறைக்கு வந்து வெளிநாடு திரும்புவோர்.
எழுதக்கூடாதவை: மருத்துவக் குணம், தரச்சான்று, '100%', 'முதற்தரம்', வேறு கடையுடன் ஒப்பீடு.
இந்தக் குறிப்பில் இல்லாத தகவல் தேவைப்பட்டால் ஊகிக்காதே. என்ன தகவல் வேண்டும் என்று என்னிடம் கேள்."

இதில் மிகப் பெறுமதியானது கடைசி வரி. அது இல்லாத கட்டளையில் ஏஐ காலி இடத்தை நிரப்பும். அது இருந்தால் பெரும்பாலும் "1 கிலோ பைக்கற்றுக்கு அனுப்பும் செலவு எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்கும். எல்லா முறையும் கேட்கும் என்று நம்பி இருந்துவிடக்கூடாது. ஆனால் ஊகம் வெகுவாகக் குறையும்.

"கழிவு இல்லை" என்பதைத் தனி வரியாக எழுதியதும் காரணத்தோடுதான். ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடுவதும் "இல்லை" என்று சொல்வதும் ஏஐக்கு ஒன்றல்ல. சொல்லாதது அதற்குத் திறந்த கதவு.

இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்று அடிக்கடி கேட்கப்படும். முன்பு ஆங்கிலம்தான் நல்லது என்ற அறிவுரைக்கு ஒரு காரணம் இருந்தது. ஏஐ எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கிறது; தமிழ் மிக அதிகமான துண்டுகளாக வெட்டுப்பட்டது. 2024 மே மாதம் சாட்ஜிபிடியைச் செய்யும் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ என்ற புதிய ஏஐயை வெளியிட்டபோது, அதுவரை 116 துண்டாக இருந்த ஒரு தமிழ் வாசகம் 35 துண்டாகக் குறைந்ததை எடுத்துக்காட்டியது. இப்போது இந்த அளவுக் குறிப்பைத் தமிழில் எழுதுவதில் இடமோ செலவோ ஒரு பிரச்சினை இல்லை. விடை தமிழில் வேண்டுமென்றால் குறிப்பும் தமிழில் இருப்பதே நல்லது, ஏனென்றால் நீங்கள் பாவிக்கும் சொற்களையே அது திருப்பி எடுக்கும். தட்டச்சு சிரமமாக இருந்தால் வாயால் சொல்லி எழுதலாம். கூகிளின் குரல் உள்ளீட்டில் தமிழ் (இலங்கை) என்று தனித் தெரிவு இருக்கிறது. எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுங்கள், விலை இலக்கங்களில்தான் அது கூடுதலாகப் பிசகும்.

சொல்

குறிப்பு போட்ட பின்னும் "தள்ளுபடி இல்லை", "தேதி", "ரூபாய்", "பாக்கெட்" என்று வந்துகொண்டிருந்தது. "யாழ்ப்பாணத் தமிழில் எழுது" என்ற ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தால், அது மேடை நாடகத்தில் கேட்கிற மாதிரி ஒரு பேச்சைத் தானே உண்டாக்கும். பாதி மட்டக்களப்பு, பாதி பழைய வானொலி. அதை விளம்பரமாகப் போட்டால் ஊர் ஆக்கள் முகம் சுளிப்பார்கள்.

பெயர் சொல்லிக் கேட்பதைவிடச் சொல்லைக் கொடுப்பது வேலை செய்யும். குறிப்பின் கீழே இதைச் சேர்த்தால் போதும்:

"சொற்கள்: செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய், வத்தல் வேண்டாம்), மல்லி (தனியா வேண்டாம்), பெருஞ்சீரகம் (சோம்பு வேண்டாம்), மரக்கறி (காய்கறி வேண்டாம்), கறி (குழம்பு வேண்டாம்), விலைக்கழிவு (தள்ளுபடி வேண்டாம்), திகதி, ரூபா, பைக்கற், ஓடர். மச்சம் என்றால் மீன், இறைச்சி."

பத்துப் பன்னிரண்டு சொல் போதும். ஐம்பது சொல் எழுதி வைத்தால் அவை எல்லாவற்றையும் ஒரே விளம்பரத்துக்குள் திணிக்கப் பார்க்கும்.

அதைவிடப் பலமானது மாதிரி. சில மாதிரிகளைக் கட்டளைக்குள்ளேயே வைத்தால் ஏஐயை மறுபடி பயிற்றாமலே வேலை அதற்குப் பிடிபட்டுவிடும் என்பதை 2020 இல் ஜிபிடி-3 என்ற முந்திய ஏஐ பற்றிய ஆய்வு பரவலாகக் காட்டியது. சின்னத் தொழிலுக்கு இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. மாதிரிகள் ஏற்கனவே வட்ஸ்அப்பில் கிடக்கின்றன. தொழில் நடத்துபவர் கையால் எழுதி, வாடிக்கையாளர் திருப்தியாக ஓடர் தந்த பழைய செய்திகளில் மூன்றை எடுத்து, பெயரும் இலக்கமும் நீக்கி, "இந்த மூன்றின் நடையில் எழுது" என்று ஒட்டினால், எந்த வர்ணனையும் செய்யாத வேலையை அவை செய்யும். மூன்றும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. விலை கேட்டவருக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று, முறைப்பாட்டுக்கு ஒன்று. மூன்றும் விலை பற்றியதாக இருந்தால் முறைப்பாடு வந்த இடத்திலும் விலைப்பட்டியலை ஒட்டிவிடும்.

காலம்

ஊரின் நாட்காட்டியும் ஏஐக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒன்று. ஆடி மாதத்துக்கு ஒரு பதிவு கேட்டால் "ஆடித் தள்ளுபடி" என்று தொடங்கும். யாழ்ப்பாணத்தில் ஆடி என்றால் ஆடிப்பிறப்பு, கூழ், கொழுக்கட்டை.

நல்லூர்த் திருவிழாவில் இதைவிடப் பெரிய பிழை வரும். இருபத்தைந்து நாள் திருவிழா. பல வீடுகளில் அந்த நாட்களில் மச்சம் இல்லை. "திருவிழாக் காலத்துக்கு ஒரு கறித்தூள் பதிவு" என்று மட்டும் கேட்டால் நண்டுக் கறியையும் மீன் கறியையும் வர்ணித்து ஒரு பதிவு வந்து விழும். அதைக் கவனிக்காமல் கொடியேற்றத்தன்று போட்டால் வியாபாரம் போவது மட்டுமில்லை, வாடிக்கையாளர் மனமும் நோகும். கட்டளையில் சேர்த்த வரி:

"இது நல்லூர்த் திருவிழா நாட்களில் போடும் பதிவு. பல வீடுகளில் சைவம் மட்டும். மீன், இறைச்சி, முட்டை பற்றி எழுதாதே. கத்தரிக்காய், வாழைக்காய், பயற்றங்காய்க் கறி பற்றி எழுதலாம். கோயிலையோ சுவாமியையோ விற்பனைக்குப் பாவிக்காதே. 60 சொல்லுக்குள். முதல் வரியில் பொருளின் பெயரும் விலையும்."

கடைசி இரண்டு நிபந்தனைகளும் தொலைபேசித் திரையால் வந்தவை. நீண்ட பதிவில் முதல் சில வரிதான் தெரியும், மிச்சம் "மேலும்" என்ற இடத்துக்குள் மறையும். ஏஐ வழக்கமாக முதல் மூன்று வரியை வாழ்த்துக்குச் செலவழிக்கும். எனவே முதல் வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி

ஒரு வாடிக்கையாளர் எழுதுகிறார்: "அக்கா போனமுறை எடுத்த தூள் கட்டி பட்டுட்டுது. மணமும் குறைவு."

குறிப்பு இல்லாமல் ஏஐயிடம் கொடுத்தால்: "அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்களின் முழுத்தொகையும் 24 மணிநேரத்திற்குள் திருப்பி அளிக்கப்படும்."

காசு திருப்பித் தருவதாக யார் சொன்னது? தவிர, அக்கா என்று கூப்பிட்டவரிடம் "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று பேசுவது கதவைச் சாத்துவது போல.

கட்டி படுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். வறுத்த சூடு ஆற முன்னரோ, மில்லில் இருந்து வந்த வெப்பத்தோடோ அடைத்தால் பைக்கற்றுக்குள் வேர்த்துவிடும். அல்லது வாடிக்கையாளர் ஈரக் கரண்டி போட்டிருக்கலாம். எது என்று தெரியாமல் மன்னிப்பும் கேட்கக்கூடாது, பழியும் போடக்கூடாது. முதலில் தொகுதி இலக்கம், அதாவது எந்த அரைவை என்று பைக்கற்றில் போட்ட இலக்கம், வேண்டும். அதே அரைவையில் வேறு யாரும் முறைப்பட்டால் பிழை கொட்டிலில்தான். கட்டளை இப்படி மாறியது:

"கீழே உள்ள முறைப்பாட்டுக்கு மறுமொழி எழுது. மூன்று வசனம். காசு திருப்பித் தருவதாகவோ வேறு பைக்கற் தருவதாகவோ சொல்லாதே. அதை நான் தீர்மானிப்பேன். வாடிக்கையாளரில் பிழை சொல்லாதே. தொகுதி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல். அண்ணா, அக்கா, தம்பி என்று எதுவும் போடாதே, நான் போட்டுக்கொள்வேன். மேலே தந்த மூன்று செய்திகளின் நடையில்."

வருகிற விடை: "வணக்கம். தூள் கட்டி பட்டது எங்களுக்கும் கவலைதான். பைக்கற்றின் பின்பக்கம் இருக்கிற தொகுதி இலக்கத்தை ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோ, எந்த அரைவை எண்டு பார்த்திட்டுச் சொல்லுறம்."

முறைச்சொல் பற்றிய வரி சின்னதாகத் தெரியலாம். சின்னது இல்லை. வட்ஸ்அப் பெயரை வைத்து ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று ஏஐ ஊகிக்கும். அறுபது வயது ஐயா ஒருவரைத் தம்பி என்று கூப்பிட்டால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். அதைக் கையால் போடுவதற்கு இரண்டு விநாடி போதும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பும் வாடிக்கையாளர்களின் செய்தியையும் இப்போதைய ஏஐ பெரும்பாலும் விளங்கிக்கொள்ளும். அளவுகளில்தான் கவனம். "அரை", "கால்", "ஒண்டரை" வரும் இடங்களில், "ஓடரை முதலில் பட்டியலாக எழுது, பிறகு மறுமொழி எழுது" என்று கேட்டால் பிழை பட்டியலிலேயே கண்ணில் படும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், வங்கிப் பற்றுச்சீட்டு எதையும் உள்ளே ஒட்ட வேண்டாம். இலவசமாகப் பாவிக்கும் செயலிகள் பலவற்றில் உரையாடல்கள் பயிற்சிக்கு எடுக்கப்படலாம். அமைப்புகளில் அதை நிறுத்தும் தெரிவு இருந்தால் நிறுத்திவிடுங்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டாரின் இலக்கத்தை ஊர் பேர் தெரியாத இடத்தில் கொடுத்து வைப்பது முறையில்லை.

விலைக் கணக்கு

நட்டம் நேரடியாக வருவது இங்கேதான். ஒரு அரைவைக்கு: செத்தல் 5 கிலோ, மல்லி 5 கிலோ, பெருஞ்சீரகம் 1 கிலோ, சீரகம் 750 கிராம், மிளகு 750 கிராம், வெந்தயம் 250 கிராம், மஞ்சள் 250 கிராம். மொத்தம் 13 கிலோ. கறிவேப்பிலை நிறையில் சேராது. சாமான், எரிவாயு, மில் கூலி, பைக்கற், வேலைக் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 23,400 ரூபா என்று வைப்போம்.

"இதில் 250 கிராம் பைக்கற் ஒன்றின் அடக்கவிலை என்ன?" என்று கேட்டால் கணக்கு இப்படி வரும்: 13 கிலோவில் 52 பைக்கற், 23,400 ஐ 52 ஆல் பிரித்தால் 450 ரூபா.

கூட்டல், பிரித்தல் சரி. விடை பிழை. வறுக்கும்போது ஈரம் போகிறது, காம்பு போகிறது, அரைக்கும்போது மில்லில் கொஞ்சம் ஒட்டுகிறது, அரிதட்டில் கப்பி நிற்கிறது. நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் கையில் வருவது 11.7 கிலோ. அதில் 46 பைக்கற், 200 கிராம் மிச்சம். 23,400 ஐ 46 ஆல் பிரித்தால் ஒரு பைக்கற் 508 ரூபா 70 சதம். 650 ரூபாவுக்கு விற்கும்போது 200 ரூபா நிற்கிறது என்று நினைத்த இடத்தில் 141 ரூபா 30 சதம்தான் நிற்கிறது. இதை நம்பிக் கடைக்காரருக்கு ஒரு பைக்கற்றுக்கு 150 ரூபா கழித்துக் கொடுத்தால், ஒவ்வொரு பைக்கற்றிலும் எட்டு ரூபா எழுபது சதம் கையை விட்டுப் போகும்.

ஏஐக்கு இந்த நிறைக் குறைவு தெரியாதது இல்லை. கேட்டால் சொல்லும். கேட்காதவரை நீங்கள் தந்த இலக்கங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, குறை இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடும். எனவே கணக்கை இரண்டு தரமாகப் பிரிக்க வேண்டும். முதலாவது:

"வீட்டில் கறித்தூள் செய்து விற்பவர்கள் அடக்கவிலை பார்க்கும்போது வழக்கமாக விட்டுவிடும் செலவுகளும் நிறைக் குறைவுகளும் எவை? பட்டியல் மட்டும். இன்னும் கணக்குப் போடாதே."

வரும் பட்டியலில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்து, அளந்து, இலக்கம் போடுங்கள். நிறைக் குறைவை ஏஐ சொல்லும் நூற்றுவீதத்தில் எடுக்காதீர்கள். ஒரு அரைவையை வறுக்க முன்னும் அரித்த பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள். மாரிகாலச் செத்தலும் கோடைகாலச் செத்தலும் ஒரே அளவு குறையாது. பிறகு இரண்டாவது கட்டளை:

"கீழே உள்ள இலக்கங்களை மட்டும் பாவி. முதலில் சூத்திரத்தை எழுது, பிறகு ஒவ்வொரு படியையும் தனி வரியில் காட்டு. முழுப் பைக்கற் எண்ணிக்கையை மட்டும் எடு, மிச்ச நிறையைத் தனியாகச் சொல்."

படிப்படியாகக் காட்டச் சொல்வது சரிபார்க்க மட்டும் இல்லை. படியாக எழுதும்போது இந்த மென்பொருள்கள் கணக்கில் பிழைப்பதும் குறைகிறது. அப்படி இருந்தும் கடைசி விடையைக் கல்குலேற்றரில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

பைக்கற்றின் குறிப்பு

இதில் ஏஐக்கு வேலை குறைவு. பெயர், உள்ளடக்கம், நிகர நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலை, செய்பவரின் பெயர் முகவரி எல்லாம் உண்மைகள். எழுத்துத் திறமை தேவையில்லை. என்ன இருக்க வேண்டும் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், ஏஐயிடம் கேட்க வேண்டாம். மொழிபெயர்ப்புக்குப் பாவிக்கலாம். சிங்களத்தில் வந்ததைச் சிங்களம் வாசிக்கும் ஒருவர் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். ஆயிரம் ஒட்டி அடித்த பிறகு பிழை தெரிந்தால் ஆயிரமும் வீண்.

சரிபார்ப்பு

ஒரு கட்டளை நல்லதா இல்லையா என்பதை ஒரு விடையை வைத்துச் சொல்ல முடியாது. பழைய வட்ஸ்அப்பில் இருந்து பத்துக் கேள்வியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலை கேட்டது, அனுப்பும் நாள் கேட்டது, "உறைப்புக் கூடவோ" என்று கேட்டது, கழிவு கேட்டது, "சீனி வருத்தக்காரர் சாப்பிடலாமோ" என்று கேட்டது, எல்லாம் கலந்து இருக்க வேண்டும். கடைக் குறிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே பத்தையும் கொடுத்து, சரி, பிழை என்று கொப்பியில் போடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். நான்கு வரியை ஒன்றாக மாற்றினால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய ஏலாது.

சீனி வருத்தக் கேள்விதான் நல்ல சோதனை. குறிப்பில் மருத்துவக் குணம் எழுதாதே என்று இருந்தும் "மஞ்சளும் வெந்தயமும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்று ஏஐ எழுதினால் அந்த வரி போதாது. "உடல்நலம் பற்றி யாரும் கேட்டால், வைத்தியரிடம் கேட்கச் சொல், உள்ளடக்கத்தை மட்டும் சொல்" என்று மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் சொல்வதைவிட, அந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்றும் சொன்னால் அது தடம் மாறுவது குறைவு.

நீண்ட உரையாடல்

ஒரே உரையாடலை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் தொடக்கத்தில் ஒட்டிய குறிப்பின் பிடி தளரும். தள்ளுபடியும் சோம்பும் மெல்லத் திரும்பி வரும். அதைவிட ஆபத்து பழைய விலை. செத்தல் ஏறி, 250 கிராமை 650 இலிருந்து 700 ஆக்கிய அன்று, நீங்கள் குறிப்பில் மாற்றியிருப்பீர்கள். ஆனால் பழைய உரையாடலின் மேலே 650 அப்படியே கிடக்கும், எதை எடுப்பது என்று ஏஐக்குத் தெரியாது. அதனால்தான் குறிப்பில் விலைக்குப் பக்கத்தில் "யூன் 1 முதல்" என்ற திகதி. விலை மாறிய அன்று அந்த வரியையும் திகதியையும் மாற்றி, பழைய உரையாடலை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து, பத்துக் கேள்வியில் விலைக் கேள்வியை முதலில் கேளுங்கள். 700 என்று வந்த பிறகு வாடிக்கையாளருக்கு அனுப்பலாம்.